கில்லன்–பாரே நோய்: அசையாத உடலும் விழித்திருக்கும் அறிவும்

(மகாவீர் ஜெயந்தி விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் புனே நகரின் சிங்ஹகட் சாலைப் பகுதியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சில வாரங்களுக்குள் 200க்கும் மேற்பட்டோர் கைகால் தளர்ந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பலர் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். குடிநீரில் கலந்த மாசே காரணம் என்ற ஐயம் எழுந்தது. நோயாளிகள் சிலரின் மலத்தில் கேம்பிலோபாக்டர் என்னும் நுண்ணுயிரும் காணப்பட்டது. கில்லன்–பாரே என்னும் பெயரைப் பலரும் முதன்முறையாகக் கேள்வியுற்றது அப்போதுதான். ஓராண்டில் 1 இலட்சம் பேரில் ஒருவரையோ இருவரையோ மட்டுமே பற்றும் நோய் இது. அரிதாக இருப்பதே இதன் முதல் இடர். அண்டை வீட்டில் ஒருவருக்கு வந்து கண்டிருந்தால்தானே தன் வீட்டில் வரும்போது அடையாளம் தெரியும்?

நோய்க்குப் பெயர் வந்த வரலாறு சுருக்கமானது. முதல் உலகப் போரின்போது, 1916இல், கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள், கைகால் தளர்ந்த இரண்டு போர்வீரர்களின் தண்டுவட நீரைச் சோதித்தனர். அதில் புரதம் மிகுந்திருந்தது. ஆனால் கிருமித் தொற்றில் காணப்படும் வெள்ளணுக்கள் மிகவில்லை. இன்றும் அந்த முரண்பாடே நோயறியும் குறிகளுள் ஒன்றாக நிற்கிறது. ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் வழக்கில் உதிர்ந்துபோயிற்று. அவர்களுக்கும் முன்பே, 1859இல், காலில் தொடங்கி மேலேறும் வாதத்தை லாண்ட்ரி என்பவர் எழுதி வைத்திருந்தார்.

இனி நோயின் இயல்பு. நரம்பை மின்கம்பிக்கு ஒப்பிடலாம். உள்ளே கம்பி, மேலே மயலின் என்னும் உறை. உடலுக்குள் ஒரு கிருமி நுழைகிறது. அதனை அழிக்க உடல் எதிர்ப்பொருள்களை ஆக்குகிறது. கேம்பிலோபாக்டர் போன்ற சில கிருமிகளின் மேற்புறத்தில் உள்ள ஒரு சர்க்கரை அமைப்பு, மனித நரம்பின் மேற்புறத்தில் உள்ளதைப் போலவே இருக்கிறது. பகைவனின் சீருடையும் வீட்டாரின் உடையும் ஒன்றாக இருந்தால் காவலன் யாரை அடிப்பான்? கிருமி அழிந்த பின்னரும் எதிர்ப்பொருள்கள் நரம்பைத் தாக்குகின்றன. சிலருக்கு உறை சிதைகிறது. சிலருக்கு உள்ளிருக்கும் கம்பியே புண்படுகிறது. வட சீனத்தின் சிற்றூர்ப் பிள்ளைகளிடம் கோடைதோறும் தோன்றிய வாதத்தை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோதுதான் இந்த இரண்டாம் வகை தெளிவாயிற்று. ஆகவே இது தொற்றுநோய் அன்று. நோயாளியைத் தொடுவதால், உடனிருப்பதால், அவர் உண்ட கலத்தைக் கழுவுவதால் இந்நரம்பு நோய் பரவாது. புனேயில் பலர்க்கு ஒருங்கே வந்தது, அவர்கள் ஒரே மாசுக்கு ஆட்பட்டதனால் என்று கொள்வதே பொருந்தும்.

மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளிகளில் மூவரில் இருவர், முந்தைய சில வாரங்களுக்குள் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ கண்டிருந்ததாகச் சொல்வர். பெரும்பாலும் கேட்ட பின்னரே அது நினைவுக்கு வரும். வயிறு சரியாகி, வேலைக்குத் திரும்பி, பத்து நாள் கழிந்த பின் பாதவிரல்களில் எறும்பூர்வது போன்ற உணர்வு தோன்றுகிறது. இரண்டு கால்களிலும் ஒருங்கே. அடுத்த நாள் கைவிரல் நுனிகளில். பிறகு தளர்ச்சி. கோலமிட அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலவில்லை. மாடிப்படியில் கைப்பிடி தேவைப்படுகிறது. செருப்பு காலிலிருந்து கழன்றது நான்கடி சென்ற பிறகே தெரிகிறது. இடுப்பிலும் தொடையிலும் கடும் வலி. நோயாளிகளில் பெரும்பாலோர் இவ்வலியைச் சொல்கின்றனர். இந்நோயில் வலி இராது என்னும் எண்ணம் தவறானது. தளர்ச்சிக்கு முன்பே வலி தோன்றி, முதுகுத் தேய்மானம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் காலங்கழித்தவர்கள் பலர். காய்ச்சல் இராது. நினைவு தப்பாது. ஒருபக்கம் மட்டும் விழும் பக்கவாதத்தினின்று இதனைப் பிரிப்பது இந்த இருபுறச் சமன்மையே.

நோன்பு நோற்கும் குடும்பங்களுக்குத் தனியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. தசலட்சண நாள்களில் உபவாசம் இருந்தவர் கால் தளர்ந்தால், நோன்பின் சோர்வு என்று வீட்டார் கருதுவது இயல்பு. நோன்பின் சோர்வு உடல் முழுதும் பரவியிருக்கும். பாரணைக்குப் பின் ஓரிரு நாளில் தெளியும். இந்நோயின் தளர்ச்சியோ உணவுண்டும் குறையாது. காலிலிருந்து இடுப்புக்கும் கைக்கும் நாளுக்கு நாள் ஏறும். நெடிய உண்ணாநோன்பில் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தும் கால் மரத்துத் தளர்வதுண்டு. அதுவும் உடனே கவனிக்கப்பட வேண்டியதே. இரண்டையும் வீட்டுத் திண்ணையில் பிரித்தறிய முடியாது.

சேர்க்கை அறையில் மருத்துவர் முதலில் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளாது. அனிச்சை அசைவு அடங்கியிருப்பது இந்நோயின் முதன்மைக் குறி. பிறகு இரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார். அது குறைந்தாலும் ஓரிரவில் கைகால் விழும். ஈடு செய்தால் விரைவில் எழும். வயற்காட்டை ஒட்டிய ஊர்களில் கட்டுவிரியன் கடியையும் நினைவிற்கொள்ள வேண்டும். உறக்கத்தில் தீண்டும் அப்பாம்பின் பல்தடம் கண்ணுக்குப் புலப்படாமலும் போகும். அதன் நஞ்சு இமையில் தொடங்கிக் கீழிறங்கும். கில்லன்–பாரே காலில் தொடங்கி மேலேறும். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கண் இரட்டையாகத் தெரிந்து நடை தள்ளாடும் மில்லர் ஃபிஷர் வகை ஒன்று இருப்பதால், கண்ணில் தொடங்கியது என்பதாலேயே இந்நோயன்று என விலக்கிவிட இயலாது. தளர்ச்சி தொடங்கும்போதே சிறுநீர் அடைத்துக்கொண்டு, மார்பிலோ வயிற்றிலோ ஒரு கோட்டுக்குக் கீழே உணர்வு அற்றுப்போனால், மருத்துவரின் ஐயம் தண்டுவடத்தின் மீது செல்லும். தண்டுவட நீரின் புரதம் முதல் வாரத்தில் இயல்பாகவே இருக்கக்கூடும். சோதனை சரியாக இருக்கிறது, ஆகவே நோயில்லை என்று வீடு திரும்பியவர்கள் மறுபடி வர நேர்ந்ததுண்டு.

பிள்ளைகளைப் பெற்றோர்க்கு ஒரு குறிப்பு. 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரெனக் கைகால் துவண்டால், அதனை அரசுக்கு அறிவித்து, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்துப் போலியோ இல்லை என உறுதிசெய்வது இந்நாட்டின் நடைமுறை. போலியோ சொட்டு முறையாகக் கொடுத்தும் ஏன் கேட்கிறார்கள் என்று சினங்கொள்ள வேண்டா. 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது இந்தக் கண்காணிப்பின் துணையால்தான்.

மூச்சைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டும். உயிர் போவதும் தங்குவதும் அங்கேதான். சேர்க்கப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது. ஆஸ்துமாக்காரர் போல இவர் மூச்சு வாங்கி அமளிப்படுவதில்லை. விலாவும் உதரவிதானமும் தளரும்போது அமளிப்படுவதற்கும் வலுவில்லை. அமைதியாகப் படுத்திருப்பார். குரல் மெலியும், ஒரு சொற்றொடரை இரண்டு மூன்றாக முறித்துப் பேசுவார், இருமல் வலுவிழக்கும், தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாது. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் வாங்கி வைத்த விரல்முனைக் கருவி இங்கே ஏமாற்றும். 97, 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அது இறங்கத் தொடங்கும்போது பெரும்பாலும் காலங்கடந்திருக்கும். அதைவிட எளிய சோதனை ஒன்றுண்டு. ஆழ மூச்சிழுத்து, ஒரே மூச்சில் இயல்பான வேகத்தில் எண்ணச் சொல்வது. நேற்று 35 வரை எண்ணியவர் இன்று 20ஐ எட்டவில்லையென்றால், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அப்போதே கொண்டுசெல்ல வேண்டும். பொழுது விடியட்டும் என்பதும், விழா முடியட்டும் என்பதும் கூடா.

முகத்தின் இருபுறமும் தளர்வது பாதிப்பேருக்கேனும் நிகழ்கிறது. இமை மூடாது; நீர் பருகினால் கடைவாயில் வழியும்; விழுங்கும்போது புரையேறும். புரையேறத் தொடங்கியவருக்கு வாய்வழி எதையும் ஊட்டலாகாது. தெம்பு வரட்டும் என்று அன்போடு புகட்டும் கஞ்சி நுரையீரலில் இறங்கும். பிரசாதமாயினும் அவ்வாறே. உடலின் தன்னியக்க நரம்புகளும் நிலைதவறலாம்; இரத்த அழுத்தம் காலையில் ஏறி மாலையில் சரியும், இதயத் துடிப்பு திடீரெனத் தாழும். நடக்க முடிகிற நோயாளியையும் மருத்துவர் இதயக் கண்காணிப்புக் கருவியோடு பிணைத்து வைப்பது இதனால்தான், கட்டணத்திற்காக அன்று.

தளர்ச்சி பெரும்பாலோர்க்கு இரண்டு வாரத்திலும், எஞ்சியோர்க்கு நான்கு வாரத்திற்குள்ளும் உச்சத்தை அடைந்து நின்றுவிடும். பின் சில நாளோ சில வாரமோ அசைவின்றி நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். மருந்து இரண்டு. ஒன்று, இம்யூனோகுளோபுலின், உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள் சிரை வழியே செலுத்தப்படுவது. 50 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 100 கிராம். மற்றொன்று பிளாஸ்மா மாற்றம். இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து, எதிர்ப்பொருள்களை அகற்றி, ஈடாக வேறு நீர்மத்தைச் செலுத்துவது. இரண்டும் சமமான பயன் தருவன என்பது 1990களிலேயே நிறுவப்பட்டது. பணம் இலட்சக்கணக்கில் செலவாகும் முதல் முறையே மேலானது என்பது தவறான நம்பிக்கை. முதல் இரண்டு வாரத்திற்குள் தொடங்குவதே நன்று. ஸ்டீராய்டு மருந்து இந்நோய்க்குப் பயன்படாது. ஐந்து நாள் மருந்து ஏறியும் கை எழவில்லையே என்று இன்னொரு சுற்று கேட்டு வற்புறுத்தும் உறவினர் உண்டு. இரண்டாம் சுற்றால் பயனில்லை, தீங்கு கூடுகிறது என்று நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது.

மருந்தின் மூலப்பொருளைக் கேட்பது சமணர் வழக்கம். கேட்பது தவறும் அன்று. இம்யூனோகுளோபுலின் மனிதர் பல்லாயிரவர் கொடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து ஆக்கப்படுவது. இதற்காக எவ்வுயிரும் கொல்லப்படுவதில்லை. படுக்கையில் அசையாது கிடப்பவரின் காலில் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியோ பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதனை மறைப்பதில் பொருளில்லை. செயற்கையாக ஆக்கப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் மாற்று உண்டு. சிறுநீரகம் நலமாக இருப்பின் அது பொருந்துமா என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். விடை வருவதற்குள் மருத்துவமே நின்றுவிடலாகாது. உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தால் உயிர் நிமிடங்களில் பிரியும். குழாய்வழி உணவைப் பகற்பொழுதிலேயே பகுத்துக் கொடுக்க முடியுமா என்றும் கேட்கலாம்; பல நோயாளிகளுக்கு அது இயலும். இயலாதபோது, மூக்குக் குழாயில் இரவில் சொட்டும் உணவைத் தம் நோன்பின் பங்கமாக அந்நோயாளி கருதி மனம் வாடாதிருக்கச் செய்வது வீட்டுப் பெரியோர் கடன்.

அதனினும் பெரிய கேள்வி ஒன்று இக்குடும்பங்களில் எழுவதுண்டு. முதியவர் ஒருவர் வாயில் குழாயோடு, இமையும் மூடாமல், மூன்று வாரமாகக் கிடக்கிறார். இவ்வாறு துன்புறுத்துவதைவிட, சல்லேகனை முறைப்படி விடைகொடுப்பது அறமல்லவா என்று ஒருவர் மெல்லக் கேட்கிறார். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைக் கண்டு வணங்கிய மரபில் வந்தவர்க்கு இக்கேள்வி எளிதாக எழும். ஆனால் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அந்நோன்புக்குரிய நிலைகளைச் சொல்லுமிடத்து, தீர்க்க வழியற்றவை என்னும் நிபந்தனையோடுதான் நோயைச் சேர்க்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைத் தமிழ்ச் சமணர் நன்கறிவர். கில்லன்–பாரே தீர்க்க வழியற்ற நோயன்று. செயற்கைச் சுவாசத்திற்குச் சென்றவர்களிலும் பெரும்பாலோர் மீள்கின்றனர். நல்ல மருத்துவம் கிடைக்குமிடத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் இறக்கின்றனர். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 80 பேர் பிறர் துணையின்றி நடக்கின்றனர். மிக மூப்பும் வேறு பெருநோயும் உடையவர்க்குக் கணக்கு மாறும். அதனைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். மேலும், அந்நோன்பு ஒருவர் தெளிந்த அறிவோடு தாமே ஏற்பது. ஒருவருக்காக மற்றொருவர் ஏற்பதற்கு அதில் இடமில்லை.

அந்தத் தெளிந்த அறிவு கட்டிலில் விழித்தபடியே இருக்கிறது என்பதுதான் பலரும் மறப்பது. நோய் மூளையைத் தொடுவதில்லை. மிகக் கடுமையான சிலருக்கு விழியும் அசையாமல் நின்று, மூளை இறந்தவர் போன்றே தோன்றியதுண்டு. மூளை அலைப் பதிவு அவர்கள் விழித்திருந்ததைக் காட்டியது. கட்டிலருகே நின்று பேசப்படும் கடன், நிலம், பாகம், ஈமச்செலவு அனைத்தும் அவர் செவியில் விழுகின்றன. முகம் வாடவில்லை என்பதால் கேட்கவில்லை என்று பொருளன்று. முகத்தசைக்கு வாடவும் வலுவில்லை. மீண்டு வந்தவர்கள் பலர், யார் வந்தார், யார் அழுதார், யார் என்ன சொன்னார் என்பதை ஒன்றுவிடாமல் சொல்கின்றனர். இமை அசைந்தால் ஒருமுறை ஆம், இருமுறை இல்லை என உடன்படிக்கை செய்துகொள்ளலாம். எழுத்துப் பலகை காட்டலாம். இன்று என்ன கிழமை, எந்த நாள், நேற்றைவிட எந்த விரல் அசைந்தது என்று நாள்தோறும் சொல்லலாம். பஞ்ச நமஸ்காரத்தை மெல்லிய குரலில் ஓதலாம்; ஒலிப்பெட்டியை இரவு பகலாக ஓட விட்டுச் செல்வது வேறு, அது அவரை உறங்கவிடாது.

தடுக்கும் வழி முழுமையாக இல்லை. ஆயினும் கேம்பிலோபாக்டர் பெரிதும் வருவது சரியாக வேகாத கோழி இறைச்சியாலும், காய்ச்சாத பாலாலும், மாசுற்ற நீராலும். முதலாவது சமண இல்லங்களில் இல்லை; மற்ற இரண்டும் உண்டு. நீரை வெள்ளைத் துணியில் வடித்துப் பருகுவது முன்னோர் காத்த அறம். நீர்வாழ் சிற்றுயிர்களை அது காக்கும். ஆனால் இந்நுண்ணுயிரின் தடிப்பு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தத் துணியின் கண்ணும் அதனைத் தடுக்காது. முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் நாளில் நீரைக் காய்ச்சுகின்றனர் அல்லவா? விழாப் பந்தலில் லாரி நீரை அண்டாவில் நிரப்பி, அதன்மேல் துணி கட்டி, அத்தோடு விட்டுவிடும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. அங்கும் காய்ச்சிய நீரே வேண்டும். விறகுச் செலவும் ஆட்கூலியும் கூடும் என்பது உண்மைதான்.

தடுப்பூசியால் இந்நோய் வருமா என்ற வினா அடிக்கடி எழுகிறது. 1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டவர்களில் 1 இலட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக இந்நோயுற்றனர், அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் வந்த காய்ச்சல் தடுப்பூசிகளில் அத்தகைய இடர் மிக மிகக் குறைவு. ஒருமுறை நோயுற்றவர் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ளட்டும்.

வீடு திரும்பிய பிறகு நோய் முடிந்துவிடுவதில்லை. தோளும் இடுப்பும் முன்னே வலுப்பெறும். கணுக்கால் கடைசியில்தான் வரும். பாதம் தொங்காமலிருக்கக் கட்டை வைத்துக் கட்டுவதும், மூட்டு இறுகாமல் நாள்தோறும் அசைத்துவிடுவதும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நடை திரும்பியவர்க்கும் அயர்ச்சி ஆண்டுக்கணக்கில் எஞ்சும். முற்பகல் வேலை செய்தால் பிற்பகல் படுக்கத் தோன்றும். உடம்பு தேறிவிட்டது, இன்னும் என்ன என்று சுற்றத்தார் கேட்பது அவர்க்கு நோயினும் சுடும். பொன்னூர் மலைக்குக் குடும்பத்தோடு சென்று, குந்தகுந்தர் திருவடிக்கு மற்றவர் படியேறும்போது, ஒருவர் பாதியில் கைப்பிடியைப் பற்றி அமர்ந்துவிட்டால், அவரருகே ஒருவர் அமர்ந்து காத்திருக்கட்டும். மற்றவர் ஏறி இறங்கட்டும்.